நடைப்பிணங்களின் விடியலில் ஓர் இறந்தவரின் குரல்

2004ஆம் ஆண்டுத் தவக்காலம் அமெரிக்கத் திரையரங்குகளில் விந்தையான ஒரு போட்டியைக் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரி 25ஆம் நாள், திருநீற்றுப் புதனன்று, மெல் கிப்சன் இயக்கிய ‘தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்’ வெளியாயிற்று. ஆண்டவரின் பாடுகளைக் கூறும் அந்தப் படம் மூன்று வார இறுதிகள் வசூலில் முதலிடத்தில் நின்றது. மார்ச் 19ஆம் நாள் வெளியான மற்றொரு படம் அதனை அவ்விடத்திலிருந்து இறக்கியது. இறந்தோர் எழுந்து உயிருள்ளோரை வேட்டையாடும் கதை அது. பெயர் ‘டான் ஆஃப் த டெட்’, அதாவது ‘இறந்தோரின் விடியல்’. மார்ச் 19 புனித சூசையப்பரின் பெருவிழா என்பதையும், நல்மரணத்தின் பாதுகாவலர் என்று நாம் அவரை வேண்டிக்கொள்வதையும் அத்திரைப்பட நிறுவனத்தார் நினைத்திருக்க வழியில்லை. ஆயினும் நமக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏப்ரல் 11ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா வந்தது. அவ்வார இறுதியில் பாடுகளின் படமே மீண்டும் முதலிடம் பெற்றது.

எழுந்து நடக்கும் இறந்தோரைப் பற்றிய படத்தை இத்தகைய இதழில் எடுத்துப் பேசலாமா என்று வாசக அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். வன்முறையும் குருதியும் மிகுந்த படம் அது. குழந்தைகளுக்கு அறவே ஏற்றதன்று. பெரியவர்களிலும் எல்லாரும் பார்த்தே தீரவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதன் இசையைக் கேட்டவர்கள் அவ்வளவு எளிதில் அதைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் அப்படத்தின் வாயிலிலேயே நமது திருவெளிப்பாடு நூல் பாடலாக ஒலிக்கிறது. இளைஞர் சிலரோடு இருந்து இப்படத்தைப் பார்த்தபோது, தொடக்கப் பாடல் முடிந்ததும் அவர்களுள் ஒருவர், “இதில் வருவதெல்லாம் நம் விவிலியத்தில் உள்ளதுதானா?” என்று கேட்டார். ஆம் என்றோம். “அப்படியென்றால் அதை ஏன் இந்தக் காட்சிகளுக்கு வைத்தார்கள்?” என்பது அவரது அடுத்த கேள்வி. அன்று நாம் முறையாக விடை சொல்லவில்லை. இக்கட்டுரை காலந்தாழ்ந்த அந்த விடை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. உலகம் ‘ஸோம்பி’ என்று அழைப்பதை நம் மொழி ‘நடைப்பிணம்’ என்கிறது. ஆனால் தமிழர் அச்சொல்லை எழுந்துவந்த பிணத்திற்கு வழங்கவில்லை. மனம் மரத்து, ஆசையும் அன்பும் அற்று, நாளைத் தள்ளும் உயிருள்ள மனிதனையே நடைப்பிணம் என்றனர். ‘ஸோம்பி’ என்னும் சொல் வழங்கிவந்த ஹெய்ட்டி நாட்டிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. பிரெஞ்சு ஆட்சியில் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட அடிமைகளின் வழிவந்த மக்கள், நடைப்பிணம் தங்களைத் தாக்கும் என்பதைவிடத் தாங்களே நடைப்பிணமாகிவிடக்கூடும் என்றுதான் அதிகம் அஞ்சினர். இறந்த பின்னும் ஒருவன் தன் உடலைப் பிறருக்காக உழைக்கக் கொடுத்து நிற்க வேண்டுமாயின் அதைவிடப் பெரிய அடிமைத்தனம் ஏது?

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1978இல் உருவாக்கிய மூலப்படம் இந்த உண்மைக்கு மிக அருகில் நின்றது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரையடுத்த மன்ரோவில் என்னும் ஊரின் பெரிய வணிக வளாகத்தில், கடைகள் மூடிய பின் இரவுகளில் அது படமாக்கப்பட்டது. தொலைக்காட்சி நிலையத்தைச் சார்ந்த இருவரும் காவல்துறைச் சிறப்புப் படையினர் இருவரும் அங்கே அடைக்கலம் புகுகின்றனர். வெளியே இறந்தோர் கூட்டம் கூட்டமாக அவ்வளாகத்தை நோக்கித் தள்ளாடி வருகிறது. அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள் என்று ஒருவர் கேட்க, வாழ்ந்த நாளில் இது அவர்களுக்கு முக்கியமான இடமாக இருந்தது, அந்தப் பழக்கமே இழுத்து வருகிறது என்று மற்றவர் சொல்கிறார். ரொமேரோவின் படம் முழுவதும் இந்த ஒரு விடையில் அடங்கும்.

அப்படத்தின் இசை இரு வேறு ஊற்றுகளிலிருந்து வந்தது. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ தயாரிப்பில் துணைநின்றார். அவர் வழியாக வந்த ‘கோப்ளின்’ என்னும் இத்தாலிய இசைக்குழு, நாடித்துடிப்புப் போல் அடிக்கும் தாளத்தையும் மின்னிசைக் கருவிகளின் நீண்ட கார்வையையும் தந்தது. ஐரோப்பாவில் திரையிடப்பட்ட பதிப்பில் அவ்விசையே மேலோங்கியது. அமெரிக்கப் பதிப்பில் ரொமேரோ அதனுடன், எவர் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த இசைத்தட்டுகளையும் கலந்தார். அவற்றுள் ஹெர்பர்ட் சாப்பல் அமைத்த ‘த கோங்க்’ என்னும் மெட்டு புகழ்பெற்றது. சர்க்கஸ் கோமாளிகள் துள்ளி வருவது போன்ற மெட்டு அது. படத்தின் இறுதியில், அழிந்த வளாகத்தில் இறந்தோர் திசையறியாமல் உலவும்போது அதுவே ஒலிக்கிறது. நாம் சிரிக்கிறோம். சிரித்த வாய் மூடுவதற்குள், அந்தக் கூட்டத்தில் நடப்பது யார் என்பது உறைக்கிறது. சென்ற வாரம் அதே ஒளியில், அதைப் போன்ற இசைக்கு நடுவே, தேவையற்ற பொருளைத் தேடி அலைந்த நம் கால்களே அவை. இந்தக் கேலிக்குள் ஓர் இரக்கம் ஒளிந்திருந்தது. மெதுவாக நடந்த அந்த இறந்தோரின் முகங்களை நாம் ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. செவிலியர் உடையில் ஒருவர், துறவற உடையில் ஒருவர் என்று, அவர்கள் யாராக இருந்தனர் என்பதை உடை சொல்லியது.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சாக் ஸ்னைடர் தம் முதல் படமாக இதனை மறுவாக்கம் செய்தபோது, இறந்தோர் ஓடத் தொடங்கினர். திரைக்கதை ஜேம்ஸ் கன்னுடையது. பின்னணி இசை டைலர் பேட்ஸுடையது. விஸ்கான்சின் மாநிலத்தில் நடப்பதாகக் காட்டப்படும் கதை, கனடாவின் டொரன்டோ நகரையடுத்த ஒரு வணிக வளாகத்தில் படமாயிற்று. தள்ளாட்டம் பாய்ச்சலாயிற்று, முனகல் அலறலாயிற்று. பாய்ந்து வருபவனின் முகத்தைப் பார்க்க நேரமில்லை. அவன் யாராக இருந்தான் என்று கேட்கவும் நேரமில்லை. இசையும் அந்த வேகத்திற்குப் பணிந்து, திடீரென உயர்ந்து, உலோகத்தை உரசுவது போல் கீறி, சட்டென அடங்குகிறது. பேட்ஸ் தம் தொழிலை அறிந்தவர். அச்சத்தை உண்டாக்குவதில் அவ்விசை எங்கும் தவறவில்லை. ஆனால் 1978ஆம் ஆண்டின் இசை நம்மைக் கேள்வி கேட்டது. 2004ஆம் ஆண்டின் இசை நம்மைத் துரத்துகிறது. துரத்தப்படுபவனுக்குச் சிந்திக்க ஓய்வு ஏது?

இத்தகைய படத்தில்தான், முதல் பதினைந்து மணித்துளிகளுக்குள், வியப்பான ஒன்று நிகழ்கிறது. ஆனா என்னும் செவிலி பணி முடித்து வீடு திரும்புகிறாள். அன்றிரவு தொலைக்காட்சியில் எச்சரிக்கைச் செய்தி வருகிறது. கணவனும் மனைவியும் அதனைக் கவனிக்கவில்லை. விடிகாலையில் அண்டை வீட்டுச் சிறுமி படுக்கையறை வாயிலில் நிற்கிறாள். சற்று நேரத்தில் கணவன் கடியுண்டு இறந்து, எழுந்து, மனைவியையே தாக்க வருகிறான். குளியலறைச் சன்னல் வழியே தப்பிக் காரை ஓட்டும் ஆனாவின் கண்முன் அழகான அந்தப் புறநகர் எரிகிறது. கார் மரத்தில் மோதுகிறது. திரை இருள்கிறது. உடனே ஒரு கிதாரின் எளிய தாளமும், முதுமையால் தேய்ந்த ஓர் ஆண்குரலும் எழுகின்றன. அக்குரல் ஜானி கேஷினுடையது. பாடல் ‘த மேன் கம்ஸ் அரவுண்ட்’.

கேஷ் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசையின் பெரும் பாடகர். போதைக்கு அடிமையாகி மீண்டவர். சிறைக் கைதிகள் நடுவே சென்று பாடியவர். விவிலியத்தை விடாமல் படித்தவர். 2002 நவம்பரில் வெளிவந்த இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடலாக இதனை எழுதிப் பாடினார். 2003 மே மாதம் அவருடைய மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார். செப்டம்பர் 12ஆம் நாள் அவரும் இறந்தார். படம் வெளியானபோது அவர் கல்லறை சென்று ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இறந்தோர் நிறைந்த அப்படத்தில் நடிப்பவர் அனைவரும் உயிருள்ளோர். இறந்தவர் வேடம் பூண்டவர்கள். மெய்யாகவே இறந்தவர் அந்தப் பாடகர் ஒருவரே. அவர் குரலே படத்தில் மிகுந்த உயிருடன் இருக்கிறது.

அப்பாடல் திருவெளிப்பாட்டின் ஆறாம் அதிகாரத்தில் வேரூன்றியது. இசைத்தட்டில் அது அவ்வதிகாரத்தின் முதல் வசனங்களைப் பழைய வானொலியில் கேட்பது போன்ற குரலில் வாசித்துத் தொடங்கி, வெளிறிய குதிரையின் வசனத்தோடு முடிகிறது. இடையில் எக்காளங்கள் உண்டு. எண்ணற்ற வானதூதரின் பாடல் உண்டு. பெயர்களைக் குறித்துக்கொண்டு சுற்றி வருபவர் உண்டு. மத்தேயு நற்செய்தியின் பத்துக் கன்னியர் தம் விளக்குத் திரிகளைச் சீர்செய்கின்றனர். தமஸ்கு வழியில் பவுல் கேட்ட தாற்றுக்கோல் உவமையும் வருகிறது. யூதாசின் காசில் வாங்கிய குயவன் நிலம் வருகிறது. தன் குஞ்சுகளைக் கூட்டுக்கு அழைக்கும் கோழி வருகிறது. நம் ஆண்டவர் எருசலேமைப் பார்த்துக் கலங்கிச் சொன்ன உவமை அது. ஆகவே கேஷின் பாடல் அச்சுறுத்தலோடு நின்றுவிடுவதில்லை. தீர்ப்பிட வருபவரே சிறகை விரிப்பவர் என்பது அதன் நம்பிக்கை.

படம் இப்பாடலில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் கலவரங்கள், ஓடும் கூட்டங்கள், செய்தியாளர் கூட்டம், குருதி படிந்த எழுத்துகள் ஆகியவை வெட்டி வெட்டி ஒட்டப்படுகின்றன. தாளம் காட்சியோடு அற்புதமாகப் பொருந்துகிறது; திகில் படங்களின் பெயர்க்காட்சிகளுள் இது மறக்க முடியாதது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட மனச்சான்று இடங்கொடுக்கவில்லை. அத்தொகுப்பில் முதலில் வரும் காட்சி, இசுலாமிய மக்கள் திரளாகத் தரையில் நெற்றி பதித்துத் தொழும் காட்சி. அழிவின் அறிகுறிகளுக்கு முன்னுரையாக இறைவனைத் தொழுவோரை வைத்தது ஏன்? நியூயார்க் கோபுரங்கள் 2001இல் தகர்ந்த பின் அந்நாட்டு மக்கள் மனத்தில் படிந்திருந்த அச்சத்தை ஒரு நொடியில் தட்டியெழுப்பும் எளிய வழி அது. இறைவன் முன் குனிந்த முதுகுகளை நடைப்பிணங்களின் வரிசையில் சேர்ப்பது கலைக்கு அழகன்று, அறத்திற்கும் அடாது. தீர்ப்பு மனிதருடையதன்று என்று பாடும் பாடலுக்கே அது முரண்.

இதே பிழையைப் படம் மற்றோரிடத்தில் அறிந்தே சுட்டுகிறது போலும். ரொமேரோவின் படத்தில் காவலராக நடித்த கென் ஃபோரி இங்கே தொலைக்காட்சிப் போதகராகச் சிறிது நேரம் தோன்றுகிறார். நரகத்தில் இடமில்லாமற்போனால் இறந்தோர் பூமியில் நடப்பர் என்ற புகழ்பெற்ற வாக்கை 1978இல் அவர் தம் பாட்டனாரிடம் கேட்ட கதையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். 2004இல் அதனையே பாவிகளின் பட்டியலோடு குற்றச்சாட்டாக முழங்குகிறார். நினைவு தீர்ப்பாக மாறியது. பேரிடர் வந்ததும் யாருடைய பாவம் இது என்று விரல் நீட்டும் வழக்கம் நம் மறையுரைப் பீடங்களுக்கும் முற்றிலும் அந்நியமன்று.

வளாகத்திற்குள் நுழைந்த பின் வருகிறது படத்தின் கசப்பான நகைச்சுவை. உலகம் அழிந்துகொண்டிருக்க, ஆளில்லாக் கடைகளின் ஒலிபெருக்கியில் ‘டோன்ட் வொரி, பி ஹேப்பி’ என்ற பாடலின் சொல்லற்ற மெல்லிசை வடிவம் வழிந்தோடுகிறது. கவலை வேண்டாம் என்று சொல்ல அங்கே மனிதர் எவருமில்லை; கருவி தானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நயமான திகிலைக் குருதி கொட்டும் காட்சிகளில் நாம் காணவில்லை. நமக்கும் இந்த இசை தெரியும். காத்திருப்பு அறைகளிலும் மின்தூக்கிகளிலும் யாருக்கும் எனப் பாடப்படாத இசை ஒன்று உண்டு. பாடுபவரும் கேட்பவரும் இல்லாத அந்த இசையே உண்மையான நடைப்பிணம். பின்னர், அடைபட்டவர்கள் கவலை மறந்து களிக்கும் காட்சித் தொகுப்பில், வெறிக்கூச்சலுக்குப் பெயர்பெற்ற ஒரு ராக் பாடல், ரிச்சர்ட் சீஸ் என்பவர் குரலில் விடுதிக் கேளிக்கைப் பாட்டாகக் குழைந்து வருகிறது. மாடியிலிருந்து, கீழே நிற்கும் இறந்தோருள் புகழ்பெற்றவர்களின் சாயல் உள்ளோரைச் சொல்லிச் சொல்லிச் சுடும் விளையாட்டும் இப்படத்தில் உண்டு. யார் உயிரோடிருக்கிறார், யார் இறந்தவர் என்ற ஐயம் இங்கே எழ வேண்டும். ஆனால் படம் நம்மைச் சிரிக்க விட்டு நகர்ந்துவிடுகிறது. ரொமேரோவின் கோமாளி மெட்டு சிரிப்பை வெட்கமாக மாற்றியது. இங்கே சிரிப்பு சிரிப்பாகவே முடிகிறது.

ஆயினும் படத்தின் நடுவே ஒரு காட்சி நம்மைக் கட்டி நிறுத்தியது. ஃபிராங்க் என்னும் தந்தை கடியுண்டவர். இன்னும் சிறிது நேரத்தில் இறப்பார், இறந்தால் எழுவார். உடனே கொன்றுவிடலாம் என்ற பேச்சு எழுகிறது. அவரோ தமக்கு எஞ்சிய ஒவ்வொரு நொடியும் வேண்டும் என்கிறார். மகளிடம் விடைபெறுகிறார். கென்னத் என்னும் காவலர் துப்பாக்கியோடு எதிரில் அமர்ந்து காத்திருக்கிறார். ஆர்ப்பரித்த படம் அங்கே அமைதி கொள்கிறது. அந்த அமைதியே இப்படத்தின் சிறந்த இசை என்போம். சாகின்றவரைத் தனியே விடாமல் அருகிருந்து விழித்திருப்பது நம் இல்லங்களின் பழைய வழக்கம். செபமாலையின் முணுமுணுப்பும், நோயில்பூசுதலின் எண்ணெய் மணமும், நெற்றியைத் தொடும் கையும் அங்கே இருக்கும். இவையெல்லாம் இல்லாத வெற்றறையில், கையில் ஆயுதத்தோடு இருந்தும், ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் கடைசி மூச்சுவரை உடனிருக்கிறான். கருவியே இல்லாத அக்காட்சியில்தான் அவர்கள் மனிதர்களாக இருந்தனர்.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். விவிலியப் பாடலை ஏன் இக்காட்சிகளுக்கு வைத்தார்கள்? விடை திரைப்படத்தைவிடப் பழையது. முன்னாளில் அடக்கத் திருப்பலியில் ‘தியெஸ் ஈரே’ என்னும் இலத்தீன் தொடர்பாடல் பாடப்பட்டது. சினத்தின் நாளையும் கல்லறைகளை எழுப்பும் எக்காளத்தையும் கூறித் தொடங்கும் அப்பாடல், மெல்ல மெல்ல மன்றாட்டாக இளகி, இரக்கமுள்ள இயேசுவிடம் இறந்தோர்க்கு இளைப்பாற்றி கேட்டு முடியும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் அது அடக்கத் திருப்பலியிலிருந்து நீங்கியது. திருப்புகழ்மாலையில் ஆண்டின் இறுதி வாரத்திற்குரிய பாடலாக வாழ்கிறது. ஆனால் அதன் முதல் சுரங்களைத் திரையுலகம் விடவில்லை. 1980இல் வந்த ‘த ஷைனிங்’ படத்தின் தொடக்க இசை அதன்மேல் எழுந்ததே. சினிமா அச்சத்தின் சுரங்களை எடுத்துக்கொண்டது, மன்றாட்டை விட்டுவிட்டது. கேஷின் பாடலுக்கும் நேர்ந்தது அதுவே. குதிரைகளை எடுத்துக்கொண்டார்கள், சிறகை விட்டுவிட்டார்கள். திருவெளிப்பாட்டின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தவர்கள், கண்ணீரனைத்தும் துடைக்கப்படும் இருபத்தொன்றாம் அதிகாரம்வரை செல்லவில்லை. இந்நூலின் கிரேக்கப் பெயருக்கே திரைநீக்குதல் என்பதுதான் பொருள், அழிவு என்பதன்று.

இவ்விடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்வது முறை. அவர்கள் அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றால், நாமோ பல வேளைகளில் அச்சத்தை அறவே நீக்கிவிட்டு இனிமையை மட்டும் பாடுகிறோம். அடக்கச் சடங்கிலும் கவலை வேண்டாம் என்ற மெல்லிசையே போதும் என்றிருக்கிறோம். அது அந்த வளாகத்தின் ஒலிபெருக்கிக்கு எவ்வளவு தொலைவு? நடுக்கமும் நம்பிக்கையும் சேர்ந்தே ஒலித்த பழைய பாடலின் முழுமையை ஒரு திகில் படம் பாதியாவது நினைவூட்டிற்று என்றால், அதற்கு நன்றி சொல்லக் கூச வேண்டியதில்லை.

படம் முடியும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தப்பியவர்கள் படகில் ஒரு தீவை அடைகிறார்கள். அங்கும் இறந்தோரே காத்திருக்கின்றனர். முடிவுப் பெயர்ப்பட்டியலில் ஒலிப்பவற்றுள் ஒன்று ஜிம் கேரல் குழுவினரின் ‘பீப்பிள் ஹு டைட்’. ‘கத்தோலிக்கப் பையன்’ என்று பொருள்படும் தலைப்புடன் 1980இல் வந்த இசைத்தொகுப்பில் உள்ளது அப்பாடல். நியூயார்க் நகரத்துக் கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்த கேரல், இளமையிலேயே மடிந்த தம் நண்பர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அதில் அழைக்கிறார். வேகமான, முரட்டுத்தனமான பாடல்தான். ஆனால் அதன் உள்ளே இருப்பது ஒப்பாரி. ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாகப் பெயரற்ற கூட்டமாக ஓடிய இறந்தோர்க்குப் பின், இறந்த ஒருவரின் பெயரைச் சொல்லி அழும் குரல் ஒன்று கடைசியில் கேட்கிறது. இயக்குநர் எண்ணினாரோ இல்லையோ, படத்தின் இரு முனைகளிலும் அவர் வைத்த பாடல்கள் பெயர்களைப் பற்றியவை. ஒன்றில் நம் பெயர்களைக் குறித்து வைக்கிறவர் வருகிறார். மற்றொன்றில் நண்பன் நண்பனின் பெயரை மறக்க மறுக்கிறான்.

நவம்பர் 2ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். குருவானவர் மந்திரித்த தீர்த்தம் தெளிக்க, நாம் அவரவர்க்குரியோரின் பெயரை மெல்லச் சொல்லிக்கொள்கிறோம். அந்த நிலத்தில் நமக்கு அச்சமில்லை. அங்கிருந்து எழுவோர் பசியோடு பாய்ந்து வருவர் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவைப் பெயர் சொல்லி அழைத்தார். அப்போதுதான் அவள் அவரை அறிந்தாள். நடைப்பிணத்திற்கும் உயிர்ப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு அழைப்பில் இருக்கிறது. நடைப்பிணத்திற்கு உடல் உண்டு, பெயர் இல்லை. உயிர்ப்பில் தழும்புகளோடு உடலும் உண்டு, பெயரும் உண்டு.

ஆகவே அந்த இளைஞருக்கு நாம் சொல்வது இதுதான். அப்பாடலை மீண்டும் கேளுங்கள். படமின்றி, விளக்கணைத்து, முழுவதுமாகக் கேளுங்கள். முதுமையில் நடுங்கும் அந்தக் குரல், தான் யாரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது என்பதை அறிந்திருந்தது. கேட்டு முடித்த பின் திருவெளிப்பாட்டைத் திறந்து, ஆறாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடாமல், இறுதிப் பக்கம்வரை படியுங்கள். விடியல் அங்கேதான் இருக்கிறது.